இன்னொரு தபா

கிழக்கே சூரியன் உதித்துவிட்டது என்று யாராவது அவரிடம் போய்ச் சொன்னால்கூட, "இன்னொரு தபா சொல்லு" என்பார். சொல்லவேண்டும். சொன்னால்தான் தலையை ஆட்டுவார். கத்தரிக்காய்க்காரி விலை சொன்னாலும் இன்னொரு தபா. குருக்கள் அன்றைய நட்சத்திரத்தைச் சொன்னாலும் இன்னொரு தபா. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மனிதருக்குக் காது மந்தம் என்று நினைத்து உரக்கக் கத்துவார்கள். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "இவ்வளோ சத்தம் வேணாம்பா, இன்னொரு தபா மட்டும் போதும்" என்பார்.

காதெல்லாம் பாம்புக் காது. திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில் தந்தி அடிக்கிற உத்தியோகம். கம்பியில் ஒரு சேதி வந்தால், அதிலுள்ள பெயரையும் எண்ணையும் திருப்பிக் கேட்கவேண்டும். அனுப்பினவன் மறுபடி அடிக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது சேதி. இல்லாவிட்டால் வெறும் சத்தம். உலகத்தையே அவர் அப்படித்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். சேதி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

நான் சத்தத்தின் பக்கம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கே தம் பெயரில் அக்கறை இருந்ததில்லை. வேறொரு பெயரைத்தான் வானத்தில் ஏற்றிவிடப் பார்த்தார். ஊருக்கு அவர் தந்தி மாஸ்டர். எனக்கும் அதுவே போதும்.

ஸ்டேஷன் ரோட்டில் அப்போது நான் சோடா கம்பெனி வைத்திருந்தேன். கம்பெனி என்றால் நான், ஒரு காஸ் மெஷின், ஒரு பெட்டி கோலி பாட்டில். வெடிச்சத்தம் ஆகாத ஆள் வெடிக்கிற தொழிலில் இருந்தேன். சிங்கப்பூர் விழுந்து, ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊர் சத்திரங்களில் வந்து நிரம்பியிருந்த சித்திரை மாதம். பகல் வெயிலில் என் கடையில் ஒரு பாட்டில் வெடித்தது. "குண்டு! குண்டு!" என்று ஒரு குரல் அலறியது. கடைத்தெரு முழுக்கத் தரையில் படுத்தது. பட்டணத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வண்டியில் ரேணிகுண்டாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அலறினது யார் என்று கேட்காதீர்கள். என் கடை, என் பாட்டில், என் தொண்டை.

விமானக் குண்டுக்குக் காவல் இருக்கிற ஏ.ஆர்.பி. படையை அமைக்க வந்த அதிகாரி இந்தக் கதையைக் கேட்டு என்னைத்தான் வார்டனாகப் போட்டார். இவ்வளவு சீக்கிரம் பயப்படுகிற ஆள் சர்க்காருக்குக் கிடைப்பது கஷ்டம் என்றாராம். கையில் கட்ட ஒரு பட்டை, கழுத்தில் ஒரு விசில், ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். காவல் இருக்க இடமும் ஒதுக்கினார்கள். சுவாமி மலைக்கு ஒரு பக்கம் வெளுத்த பாறை, அதற்குப் பச்சரிசி மலை என்று பெயர். மறுபக்கம் கறுத்த பாறை, அது பிண்ணாக்கு மலை. எனக்குக் கிடைத்தது பிண்ணாக்கு. அதிகாரிக்கு ஆள் பார்க்கத் தெரிந்திருந்தது.

கூடக் காவலுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த தந்தி மாஸ்டர் கையைத் தூக்கினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன தேசபக்தி! முதல் நாள் சாயங்காலம் மேலே ஏறினோம். பைனாகுலரை வாங்கிக்கொண்டார். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. கண்ணாடியைத் தூக்கி மேற்கே வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை.

நான் கிழக்கே கையை நீட்டினேன்.

"சார், கடலு கெழக்கால கீது சார். ஜப்பான்காரன் அங்கேர்ந்துதான் வருவான்."

"ஆங்."

"நீங்க சோளிங்கர் பக்கம் பாத்துகினு இருக்கீங்க."

"ஆங்."

"அங்கேர்ந்து இன்னா சார் வரும்?"

"அத்தத்தான் பாத்துகினு இருக்கேன்."

"அப்ப கெழக்க யாரு சார் பாக்கறது?"

"உனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்குது, சோடா? நீ பாரு. ப்ளேனு வந்தா கண்ணாடி இல்லாமயே தெரியும். சத்தமும் கேக்கும். நான் தேடறது சத்தம் போடாது."

அவர் தேடியது வால்நட்சத்திரம்.

இதைக் கேட்டதும் நான் அந்தப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருக்கிற கேடு போதாதென்று வானத்திலிருந்து ஒன்றை வரவழைக்கிறாரே மனிதர்! ராஜா சாவான், பஞ்சம் வரும், கொள்ளை நோய் வரும், இதெல்லாம் நான் பால் குடித்த நாள் முதல் கேட்டது. சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இன்னொரு தபா சொல்லு" என்றார். மறுபடி சொன்னபோது எனக்கே அது கொஞ்சம் அசடாகக் கேட்டது. அவருடைய முறையில் இது ஒரு தொல்லை. எந்தப் பயமும் இரண்டாம் தடவை சொன்னால் பாதி ஆகிவிடும்.

இந்த வால்நட்சத்திர வித்தை அவருக்குக் கம்பி வழியாக வந்ததுதான். யுத்தத்துக்கு முந்தி, பக்கத்து மிஷன் பாதிரியார் ஒருவர் வெறும் எண்களாக ஒரு தந்தி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வால்நட்சத்திரம் கண்டேன், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று வான ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சேதி. மறுநாளே பதில் வந்தது. வேறு தேசத்தில் வேறொருவன் இரண்டு நாள் முந்தியே பார்த்துச் சொல்லிவிட்டான், பெயர் அவனுக்கு. பாதிரியார் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, என்ன ஏது என்று இவருக்கு விளக்கினாராம். ஊருக்குத் திரும்பிப் போகும்போது நட்சத்திரப் படங்களையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"ராஜா பேரு இல்ல, சாமி பேரு இல்ல. மொதல்ல தந்தி குடுத்தவன் பேரு! இந்த ஒலகத்துல தந்திக்கு இவ்வளோ மரியாத வேற எங்கப்பா இருக்குது?" என்பார்.

தேடுகிற விதம் வாசல் பெருக்குகிற மாதிரி. சூரியன் இறங்கின இடத்துக்கு மேலே இடமிருந்து வலமாக ஒரு பட்டை. கொஞ்சம் கீழே இறக்கி வலமிருந்து இடமாக ஒரு பட்டை. முந்தின பட்டையில் பாதியை அடுத்ததும் மூடவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் குப்பை நின்றுவிடும். கண்ணில் படவேண்டியது பஞ்சை ஊதிவிட்ட மாதிரி ஒரு மங்கல். பட்டாலும் போதாது. மறுநாள் அது இடம் மாறியிருக்கவேண்டும். மாறாத மங்கல்கள் வானத்தில் பல உண்டு. கோயில் படிக்கட்டில் பிச்சைக்காரர்கள் மாதிரி அவரவர் இடத்தில் அவரவர். அவர்களையெல்லாம் இவருக்கு முகம் தெரியும்.

"வாலு சார்?"

"வாலு மொளைச்சிட்டா ஊரே பாக்கும். மொளைக்கறதுக்கு முந்தி பாக்கறவனுக்குத்தான் பேரு."

இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவையெல்லாம் புழுதி கலந்த பனிக்கட்டி உருண்டைகளாம். சூரியனை விட்டு வெகு தொலைவில், குடும்பத்தின் கடைக்கோடியில், கணக்கில்லாமல் இருட்டில் கிடக்கின்றனவாம். எப்போதாவது ஒன்று இடம் பெயர்ந்து சூரியன் பக்கம் வந்து, உருகி, ஆவி விட்டு, அதுதான் வாலாகிறதாம். எனக்குப் புரிந்துகொள்ளக் கஷ்டமாக இல்லை. சோடாக் கடைக்கு அரக்கோணத்திலிருந்து மரத்தூள் மூட்டையில் ஐஸ் வரும். வண்டியில் பெரிய கட்டியாக ஏறும். திருத்தணியில் இறங்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டு பாதியாக இருக்கும். வருகிற வழியெல்லாம் ப்ளாட்பாரத்தில் ஈரக்கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தே மூட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

ஐஸ் மூட்டை என்றதும் அந்த நாளுக்கு வந்துவிட்டேன். வராமல் இருக்கப் பார்த்தேன்.

அது நாங்கள் மலையேற ஆரம்பித்ததற்குச் சில வாரம் முந்தி. ஐஸ் வாங்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தந்தி அறை ஜன்னலண்டை ஒரு கும்பிடு போட நின்றேன். மெஷின் கட்டுக்கடா கட்டுக்கடா என்று பேசிக்கொண்டிருந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் நின்றது. தந்தி அடிக்கிற சாவியில் கை வைத்து எதையோ அடித்தார். மெஷின் முதலிலிருந்து பேசியது. அவர் எழுதவில்லை, கேட்டார். மறுபடி அடித்தார். மெஷின் மறுபடி பேசியது. மூன்றாம் தடவை அடித்தபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமேயில்லை. பிறகு வந்தது. இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அரக்கோணத்துத் தந்திக்காரர் அடித்தார். எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனாலும் கால் நகரவில்லை.

அவர் முத்து முத்தாகச் சேதியை எழுதினார். உறையில் போட்டார். உறைமேல் விலாசம் எழுதினார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குகிற தாளை எடுத்து, தாமே கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"என் வூட்டுத் தந்திதாம்பா" என்றார்.

ஒரே பிள்ளை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவு. தந்தி அடிக்கக் கற்றுக்கொடுத்ததே அப்பன்தான். சிங்கப்பூரில் இருந்தவனைக் காணவில்லை என்று சேதி. நான் வாயைத் திறந்து அழத் தயாரானேன். அவர் கையைக் காட்டினார்.

"காணோம்னுதான் சொல்றான். இல்லன்னு சொல்லல. கம்பி அறுந்துச்சுன்னா ஸ்டேஷன் காணாமப் போவும். ஆனா ஸ்டேஷன் அங்கியேதான் இருக்கும்."

நான் கடைக்குத் திரும்பி வந்தபோது மூட்டையில் ஈர மரத்தூள்தான் இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டும், அந்த மனிதர் எதற்கு மேற்கே பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மகன் கிழக்கே அல்லவா தொலைந்தான்? ஒரு நாள் பயந்து பயந்து கேட்டேன். கண்ணிலிருந்து கண்ணாடியை எடுக்காமலே சொன்னார்.

"அது கெடச்சா அவன் பேர்ல தந்தி குடுப்பேன். பாத்தது அவன் அப்பன்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பேரு எல்லா தேசத்துக்கும் போவும் சோடா. பேப்பர்ல வரும், ரேடியோல வரும். வானத்துக்குச் சண்டை கெடையாது, ஜப்பான்காரன் தேசத்துக்கும் போவும். எந்த மூலைல கெடந்தாலும் அவன் காதுல உழும். அவன் சிக்னல்காரன். பேரு சொல்லிக் கூப்ட்டா பதில் குடுக்காம இருக்கவே மாட்டான்."

நான் கிழக்கே திரும்பிக்கொண்டேன். கிழக்கே பார்ப்பதில் இது ஒரு வசதி.

வானத்தைப் பெருக்கும்போது அவர் இடது கை சும்மா இருக்காது. பாறையில் ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டேயிருக்கும். எப்போதும் ஒரே தாளம். சிறிசு, பெரிசு, ஒரு நிறுத்தம், மறுபடி சிறிசு பெரிசு. என் கடைக்கு வந்து சோடா குடித்தால் காலி பாட்டிலிலும் அதையே தட்டுவார். அது என்ன தாளம் என்று அவர் வீட்டம்மாவை ஒரு தடவை கேட்டேன். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நகரிப் பக்கத்து மனுஷி, பெற்ற பிள்ளையைத் தெலுங்கு வழக்கில் நைனா என்பாள். "தெரியாதா தம்பி? எங்க நைனா பேருதான். ராத்திரி தூக்கத்துலகூட கட்டில் சட்டத்துல தட்டறாரு" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தாளம் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிந்தது. சில சமயம் சோடா மெஷினே அதைத் தட்டுகிற மாதிரி இருக்கும். நான் மெஷினை நிறுத்திவிடுவேன்.

ஆயுத பூஜை கதையைச் சொல்லவேண்டும். சொன்னால் எனக்குத்தான் அவமானம், பரவாயில்லை, பழக்கம்தான். அந்த வருஷம் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, விசிலுக்கும் வைத்தேன், பைனாகுலருக்கும் வைத்தேன். அதற்கு இரண்டு கண். இரண்டுக்கும் இரண்டு பொட்டு. சாயங்காலம் காவலுக்குப் போகும்போது துண்டால் ஒரே இழுப்பு இழுத்துத் துடைத்தேன். தந்தி மாஸ்டருக்கு வேலை முடிய நேரமாகும் என்று தெரிந்து, நானே மேலே போய் கண்ணாடியை எடுத்து மேற்கே பார்த்தேன்.

அப்பா! நட்சத்திரம் ஒன்று. அதற்கு வால். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் வால். எந்தப் பக்கம் திருப்பினாலும் வால், வால், வால். வானமே வாலை முறுக்கிக்கொண்டு திருத்தணி மேல் பாய்கிறது! விசிலை ஊதினேன் பாருங்கள், அப்படி ஒரு ஊதல் அந்த யுத்தத்தில் எந்த தேசத்திலும் யாரும் ஊதியிருக்கமாட்டார்கள். கீழே கடைத்தெருவில் விளக்கெல்லாம் அணைந்தது. சாக்கடையில் ஆட்கள் குதிக்கிற சத்தம் மலைமேல் கேட்டது.

அவர் ஏறி வந்தார். ஓடி வந்தார் என்று சொல்லவேண்டும். மூச்சு வாங்கியது. ஒரு கையில் நட்சத்திரப் படம், இன்னொரு கையில் தந்திப் படிவம்.

"எங்க? எங்க பாத்தே?"

"எல்லா இடத்துலயும் சார்!"

"இன்னொரு தபா சொல்லு. எத்தினி?"

"எல்லாமே சார்! ஒண்ணு பாக்கி இல்ல!"

கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்" என்றார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசில் சத்தம் கேட்டதும் அவர் ஒரு தபாகூடத் திருப்பிக் கேட்கவில்லை. என்னைப் போய் நம்பி, அந்தப் பாறை முழுக்க ஏறி வந்திருக்கிறார். ஊரில் என் விசிலை நம்புகிறவர் யாருமில்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஓடி வந்தார்.

யுத்தம் முடிந்தது. பைனாகுலரைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. சர்க்காரும் என்னைப் போலத்தான், பயம் தெளிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஜப்பான்காரன் சிறையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக ரயிலில் வந்து இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக வருவார்கள். எந்த வண்டி வந்தாலும் மாஸ்டர் ப்ளாட்பாரத்தில் நிற்பார். வீட்டம்மாவும் வந்து தண்ணீர்க் குழாயண்டை நிற்பாள். நானும் நிற்பேன், வியாபாரம் என்ற சாக்கில்.

ஒரு நாள் புத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஊருக்குப் போகிறவன், வேண்டுமென்றே திருத்தணியில் இறங்கினான். மாஸ்டர் பெயரைச் சொல்லி விசாரித்தான். சயாம் காட்டில் ரயில் பாதை போட்ட கும்பலில் இருந்தவனாம். "உங்க பையனும் எங்க கூடத்தாங்க இருந்தான். காலரா. தூக்கிகினு போனப்ப நான் பாத்தேங்க" என்றான்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார் மாஸ்டர்.

பையன் சொன்னான்.

"இன்னொரு தபா."

பையன் அவர் கையைப் பிடித்தான். "ஐயா, அத்த நான் ஒரு தபா பாத்ததே..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. வண்டி ஊதியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "மூணாந்தபா சொல்லல பாத்தியா? ஒரே ஆளு சொன்னது. அதுவும் முழுசா சொல்லல. இது சேதி இல்ல."

தண்ணீர்க் குழாயண்டை நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மறுநாள் கடைக்கு வந்தாள். காலி பாட்டில் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ சொல்லு அவருகிட்ட."

"நான் இன்னாக்கா சொல்றது? நான் சொன்னா யாரு நம்பறாங்க?"

"எனக்கு அழுவணும் தம்பி. வாயத் தெறந்தா, இன்னும் தெரியலியே, தெரியறதுக்குள்ள இன்னாத்துக்கு அழுவறேன்றாரு. வருஷக்கணக்கா நெஞ்சுக்குழிலயே நிக்குது. பொழுதுன்னா மலைமேல போயிடறாரு. அவருக்கு வானம் இருக்குது. எனக்கு இன்னா இருக்குது? அடுப்பாண்ட உக்காந்துகினு, எங்க நைனா இருக்கறானா செத்தானான்னு தெரியாம சோறு வடிக்கறேன். அவன் செத்துட்டான்னு அவரு வாயால ஒரு தபா சொல்லட்டும். ஒரே ஒரு தபா."

நான் அவளுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அவள் குடிக்கவில்லை, கோலி உருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பத்துத் தடவை வாயெடுத்தேன். பத்துத் தடவையும் "சார், குளிரு ஜாஸ்தி" என்றுதான் வந்தது.

சுதந்திரம் வந்த வருஷத்துக் கடைசி. மார்கழி பிறக்க இருந்தது. விடாத மழை. மாஸ்டருக்கு மார்ச்சளி கட்டி, இருமினால் தெரு முனைக்குக் கேட்கும். அந்தச் சாயங்காலம் மழை விட்டது. மேற்கே மட்டும் மேகம் கிழிந்து ஒரு பட்டை வானம் தெரிந்தது. அவர் பைனாகுலரை எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காவல் வேலை போய் வருஷங்கள் ஆகியும் நான் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். அவரைத் தனியே விடப் பயம், நான் தனியே இருக்கவும் பயம்.

பாறை வழுக்கியது. அவர் முன்னே, நான் பின்னே, தவழாத குறை. உச்சிக்கு வந்து நிமிர்ந்தேன்.

சோளிங்கர் மலைக்கு மேலே, இன்னும் சிவப்பு மாறாத வானத்தில், அது நின்றது. ஒளியாக ஒரு தலை. அதிலிருந்து மேலே மேலே எழும்பி, யாரோ விளக்குமாற்றால் ஒரு தடவை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வால். கண்ணாடி வேண்டாம். ஒன்றும் வேண்டாம். அரைக்குருடனுக்கும் தெரியும்.

எனக்குத் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது என்று நினைக்கிறேன். விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன். அவர் பைனாகுலரைத் தூக்கவேயில்லை. அது மார்பில் தொங்கியது.

"சோடா, நீ பாக்கறியா?"

"பாக்கறேன் சார்!"

"இன்னொரு தபா சொல்லு."

"பாக்கறேன் சார்! வாலு சார்! சந்தனம் இல்ல சார்!"

மூன்றாம் தடவை அவர் கேட்குமுன் கீழேயிருந்து பதில் வந்தது. கோயில் படியில், கடைத்தெருவில், குளக்கரையில், ஊர் முழுக்க ஒரே கூச்சல். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மழை நாட்களில் மேகத்துக்குப் பின்னாலேயே அது வளர்ந்து, வால் முளைத்து, ஒரே சாயங்காலத்தில் எல்லார் முன்னாலும் வந்து நின்றுவிட்டது.

அவர் இறங்க ஆரம்பித்தார். இருமிக்கொண்டே ஓடினார். நான் விழுந்தும் உருண்டும் பின்னால் வந்தேன். நேரே ஸ்டேஷன். தந்தி அறைக்குள் நுழைந்தபோது சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்துவிட்டார். மடித்து மடித்து நைந்து போன படிவம். அனுப்புநர் என்ற இடத்தில் மகன் பெயர் எப்போதோ எழுதியிருந்தது.

அறையில் மெஷின் முன்னமே பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே கம்பி. ஒருவர் அடித்தால் எல்லார் அறையிலும் கேட்கும். பணியிலிருந்தவர் இவரைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்தார். மாஸ்டர் நின்றபடியே கேட்டார். கேட்டதை எனக்குச் சொன்னார், யாருக்கோ சொல்கிற மாதிரி.

"புத்தூர் பாத்துட்டான். ரேணிகுண்டா பாத்துட்டான். அரக்கோணத்துல ப்ளாட்பாரமே நின்னுகினு பாக்குதாம்... பட்டணத்துல பீச்சு பூரா ஜனமாம்."

பிற்பாடு பேப்பரில் போட்டார்கள். உலகத்தின் தென்பாதியில் ஒரே சமயத்தில் எத்தனையோ பேர் பார்த்ததால், அதற்கு யார் பெயரும் வைக்கவில்லையாம். மாஸ்டருக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. படிவத்தை மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவர் விழுந்துவிடுவாரோ என்று பயம். மேசையை நான் பிடித்துக்கொண்டேன். எதற்கு மேசையைப் பிடித்தேன் என்று கேட்டால் தெரியாது.

சாவியில் விரலை வைத்தார். மெஷின் பேச்சு ஒரு கணம் இடைவெளி விட்டது. அடித்தார்.

சிறிசு, பெரிசு, ஒரு நிறுத்தம், மறுபடி சிறிசு பெரிசு.

கம்பி முழுக்க அமைதி. அத்தனை ஸ்டேஷனும் வாயை மூடிக்கொண்டது. அவர் மறுபடி அடித்தார். மூன்றாம் தடவையும் அடித்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மெஷின் பேசியது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. அரக்கோணம். நான் அந்தத் தாளத்தைக் கேட்டதும் மேசையை விட்டுவிட்டேன். அடுத்தது வேகமான ஒரு கை, அதே தாளம். பிறகு கொஞ்சம் தடுமாறுகிற ஒரு கை, யாரோ புதுசு, அதே தாளம். ஒன்றன்பின் ஒன்றாக, அந்தப் பாதை முழுக்க, அந்தப் பையன் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். சரியாகச் சொன்னார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அப்புறம் சத்தம் நின்றது. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எதற்கென்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. வெளியே ஜனம் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. ஒரு கூட்ஸ் வண்டி வந்து போனது. மெஷின் பேசவில்லை.

அவர் எழுந்தார்.

"எல்லா ஸ்டேஷனும் பதில் குடுத்துடுச்சு, சோடா" என்றார். "அவன் குடுக்கல."

தெருவுக்கு வந்தோம். ஊரே வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. தலை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வால் மட்டும் வெளுப்பாக நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள், குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள். அக்கா நடுத்தெருவில் நின்றிருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லாரையும் போல அண்ணாந்து.

அவர் அவளண்டை போனார். பைனாகுலரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"சேதி சரிதான்" என்றார். "நம்ம நைனா போயிட்டான்."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அந்த அழுகையை நான் விவரிக்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து, "பயப்படாதக்கா, நாலு நாள்ல அது போயிடும், ஒண்ணும் ஆவாது" என்று அவள் முதுகைத் தடவினார்கள்.

ஒரே ஒரு தபாதான் சொன்னார். அவளும் திருப்பிக் கேட்கவில்லை.